பதினோராவது கேள்வி

பத்துவரை வேகமாகப் போகும்:
வயது, படிப்பு, பிள்ளைகள்,
காணிக்கு உறுதியா, பேர்மிட்டா, ஒன்றுமில்லையா.
பதினோராவதில் என் பேனை
எப்போதும் கொஞ்சம் நிற்கும்.
மீளக் குற்றம் புரிந்தாரா? ஆம். இல்லை.

கனகராயன்குளத்திலிருந்து உள்ளே
கிரவல் றோட்டில் ஆறு கட்டை.
வீராச்சாமி ஜெகதீஸ், முப்பத்தாறு.
குற்றம்: அனுமதியின்றி முதிரை, ஒரு குற்றி.
நீளம் ஐந்தடி நான்கு அங்குலம் என்கிறது கோப்பு.
யாரோ நாடா பிடித்து அளந்திருக்கிறார்கள்.
அவருடைய உயரமும் ஏறக்குறைய அதுதான்;
அதற்குப் படிவத்தில் இடமில்லை.

தண்டப்பணம் கட்டக் காசில்லை.
மறியலுக்குப் பதிலாக
நூற்றியிருபது மணித்தியாலம் சமுதாய வேலை,
நெடுங்கேணி ஆஸ்பத்திரி வளவு,
புதனும் சனியும் காலை எட்டுக்கு.
பிந்தினால் அரைநாள் வெட்டு.

"நல்ல திட்டம் மிஸ்" என்றார், நக்கலில்லாமல்.
பாத்தீனியம் பிடுங்கியதை,
பிணவறைக்குப் பின்னால் வாய்க்கால் வெட்டியதை,
ஒரு நேர்ஸ் பிளேன்ரீ கொடுத்ததை,
சீனி கூடப் போட்டுக் கொடுத்ததைச்
சொல்லிக்கொண்டே போனார்.
நான் எழுதவில்லை.
யாரும் கேட்காத கேள்விக்கான பதில்கள்.

பிறகு பதினோராவது.
அவர் முற்றத்தைப் பார்த்தார்.
என் ஸ்கூட்டியின் நிழலுக்குள்
ஒரு கோழி போய் உட்கார்ந்திருந்தது.

"ஆறே முக்கால் பஸ்சு அன்னைக்கு வரல்ல மிஸ்.
மச்சானோட மோட்டச்சைக்கிள எடுத்தேன்.
புளியங்குளம் சந்தியில புடிச்சாங்க.
லைசன் இல்ல. ஹெல்மெட்டும் இல்ல.
தண்டனைக்குத்தான் போறேன், லேட்டாயிரும்னேன்.
பொலிஸ்காரர் சிரிச்சிட்டாரு.
நானும் சிரிச்சிட்டேன்."

வழிகாட்டிக் கொப்பி, பக்கம் நான்கு:
தீர்ப்பின் பின் இருபத்துநான்கு மாதங்களுக்குள்
எந்தக் குற்றத்துக்காகவும்
நீதிமன்றில் முற்படுத்தப்பட்டிருப்பின்
ஒன்று என இடுக.

தமிழாக்கியது நான்தான்.
மின்விசிறிக்குக் கீழே இருந்து எழுதிய அன்று
அந்த 'எந்த'வில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

ஒன்று என இட்டேன்.

ஐப்பசியில் வவுனியாவில் மண்டபம்.
குளிரூட்டி, மீன் றோல்ஸ், பெயர் அட்டை.
திரையில் ஒரு நீலத் தூண் எழும்பியது:
நூற்றுக்கு இருபத்தெட்டு.
"போக்கு கவலை தருகிறது" என்றார் ஒருவர்.
"உள்ளே போட்டால்தான் திருந்துவாங்கள்" என்றது பின்வரிசை.
நான் தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதற்குள் எங்கேயோ, பாதி உயரத்தில்,
ஒரு மச்சானின் மோட்டார்சைக்கிள்
ஸ்ராண்ட் போட்டு நிற்கிறது.

நான் கை உயர்த்தவில்லை.
அதையும் எழுதிவிட வேண்டும்:
உயர்த்தவில்லை.

கந்தோருக்கு வந்து கோப்புகளை இறக்கினேன்.
இருநூற்றுப் பதினான்கு பேர், அறுபது 'ஆம்'.
தனிக் கொப்பியில் நானே கோடு கிழித்தேன்.
வீட்டிலிருந்து வேலையிடம் எத்தனை கட்டை?
முதல் பஸ் எத்தனை மணிக்கு?
வராத நாளில் என்ன செய்தீர்கள்?

ஞாயிறுகளில் போகிறேன். பெற்றோல் என் காசு.
ஒலுமடுவில் ஒரு மனிசி
ஒன்பது கட்டை நடந்தேன் என்றார்,
செருப்பைக் கழற்றியும் காட்டினார்.
சேமமடுவில் ஒருவர்
திரும்பவும் கசிப்பு வடித்தேன் என்றார்.
பஸ் வந்ததா என்றேன்.
"பஸ் நேரத்துக்கு வந்தது தங்கச்சி,
வடிச்சது நான்" என்றார்.
அதையும் எழுதினேன்.

இந்தப் புதன் ஜெகதீஸ் வீட்டுக்கு
இரண்டாந்தரம் போனேன்.
ஆள் இல்லை. மனைவி வெளியே வந்தார்.
ஆறு மணித்தியாலத்துக்குக் கையெழுத்துக் குறையுதாம்,
கடிதம் வந்ததாம்,
கையெழுத்து வைத்தவர் மாற்றலாகிப் போய்விட்டாராம்.
"திரும்பவும் புல்லுப் புடுங்கத்தான் போயிருக்காரு."

பஸ் வந்ததா என்று கேட்டேன்.

அவர் கொப்பியைப் பார்த்தார்,
பேனையைப் பார்த்தார்.
"சொன்னா எழுதுவீங்களா மிஸ்?"